யார் பெயரில் கடை?

(வீட்டிலிருந்தபடி உணவுத் தொழில் நடத்தும் பெண்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'வீட்டு அடுப்பிலிருந்து உலகச் சந்தைக்கு' என்று போட்டிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உலகச் சந்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. லண்டனில் உணவகம் நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். அவரைப் பற்றிப் பேசும்போது இன்னும் சிலர் கூடவே வருவார்கள்.

முதலில் ஒரு கேள்வி. நம் ஊர்க் கல்யாணத்தில் ஐந்நூறு இலைக்குச் சமைப்பவர் யார்? ஆண். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், பிரியாணி மாஸ்டர் எல்லோரும் ஆண்கள். வீட்டில் முப்பது வருஷம் மூன்று வேளை சமைத்தவர் யார் என்று கேட்டால் பதிலே வேண்டாம். கரண்டி ஒன்றுதான். கூலி உண்டு என்றால் அது ஆண் கைக்குப் போய்விடுகிறது. கூலி இல்லை என்றால் பெண் கையில் நிற்கிறது. நான் சொல்ல வந்த பெண்மணி, அஸ்மா கான், எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அஸ்மா கான் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை ராஜபுத்திர முஸ்லிம், தாய் வங்காளி. 1991-இல் கல்யாணமாகி, கல்வியாளரான கணவரோடு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்குப் போனார். போனபோது அவருக்குச் சமைக்கத் தெரியாது. அம்மா கல்கத்தாவில் உணவுத் தொழில் நடத்தியவர். மகளுக்கோ அடுப்படிப் பழக்கம் இல்லை. குளிரிலும் தனிமையிலும் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கி, அங்கே இருந்த ஓர் அத்தையிடம் கொஞ்சம் கற்றார். பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வந்து, அம்மாவிடமும் வீட்டுச் சமையல்காரர்களிடமும் உட்கார்ந்து கற்றார். நடுவே சட்டம் படித்தார். 2012-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சட்டத்தில் முனைவர் பட்டம். அந்த ஆண்டே, படித்த சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தன் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு சாப்பாடு போட ஆரம்பித்தார்.

அங்கே அதை 'சப்பர் கிளப்' என்பார்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பணம் கட்டியவர்கள், ஒரு குறிப்பிட்ட இரவில் ஒருவர் வீட்டுக்கு வந்து, அவர் சமைத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பட்டியல் கிடையாது, தேர்வு கிடையாது. அன்று என்னவோ அதுதான். அஸ்மா இதைக் கணவர் வெளியூர் போகும் நாட்களாகப் பார்த்து வைத்துக்கொள்வாராம். முன்பின் தெரியாதவர்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் பிள்ளைகளின் முணுமுணுப்புதான் அவரை வீட்டைவிட்டு வெளியே தள்ளியது. 2015-இல் சோஹோ பகுதியில் ஒரு பப்பின் சமையலறையை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாடு போட்டார். 2017-இல் கார்னபி வீதியை ஒட்டிய கிங்லி கோர்ட்டில், மேல்மாடியில், 'டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் உணவகம் திறந்தார். சிறுவயதில் மலையேறிய ரயிலின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது.

அவர் பரிமாறும் பண்டங்களைக் கொஞ்சம் பாருங்கள். பிரியாணி உண்டு, அதில் முழு உருளைக்கிழங்கு கிடக்கும். அது கல்கத்தா பிரியாணி. 1856-இல் ஆங்கிலேயர்கள் அவத் நாட்டைப் பறித்துக்கொண்டபோது, நவாப் வாஜித் அலி ஷா லக்னோவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து மெட்டியாபுருஜ் பகுதியில் குடியேறினார். சமையல்காரர்களும் கூடவே வந்தார்கள். கையில் காசில்லாமல் இறைச்சியைக் குறைத்து உருளையைப் போட்டார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. நவாபின் வழிவந்தவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. உருளை அந்நாளில் புதுப்பண்டம், ருசிக்காகச் சேர்த்தது என்கிறார்கள். எதுவானாலும் கிழங்கு நிலைத்துவிட்டது. பிரியாணிக்குப் பக்கத்தில் டாங்ரா இறால் இருக்கும். டாங்ரா என்பது தோல் பதனிடும் தொழிலுக்காக ஹக்கா சீனர்கள் குடியேறிய கல்கத்தாப் பகுதி. பூண்டும் மிளகாயும் சோயாவும் சேர்ந்த அந்த இந்தியச் சீனச் சமையல்தான் இன்று நம் ஊர்த் தள்ளுவண்டி கோபி மஞ்சூரியன் வரை வந்து நிற்கிறது. பிறகு மோமோ, நேபாளத்திலிருந்தும் திபெத்திலிருந்தும் டார்ஜிலிங் மலை வழியாக இறங்கியது. பிறகு நம் பானிபூரி மாதிரியான தெருவோரப் புச்கா. வங்காளி வீட்டு உருளைக்கிழங்கு தம்.

பல பண்பாட்டு உணவு என்று சொன்னதும், சாம்பாரை மதுக்கோப்பையில் ஊற்றித் தருவதும் பாஸ்தாவில் தந்தூரி மசாலா தூவுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர் எவரும் கிடையாது. அஸ்மா எதையும் புதிதாகக் கலக்கவில்லை. அவர் வளர்ந்த ஊரில் ஏற்கெனவே கலந்து கிடந்ததை அப்படியே லண்டனுக்குக் கொண்டுபோனார். மதுரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சௌராஷ்டிர வீட்டுச் சமையலும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸும், கறி தோசையும் ஒரே ஊரில் கிடைக்கின்றன. உங்களில் யாராவது இதையெல்லாம் ஒரே பலகையின் கீழ் விற்க நினைத்தால் வெளிநாட்டு ஆலோசகர் தேவைப்படாது.

ஆனால் அவருடைய சாதனை பண்டங்களில் இல்லை, சமைப்பவர்களில் இருக்கிறது. அந்தச் சமையலறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். சமையல் கல்லூரிப் படிப்பு ஒருவருக்கும் கிடையாது. பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், வீட்டு வேலைக்கு வந்தவர்கள், இல்லத்தரசிகள். பலருக்கு ஐம்பது வயது. அஸ்மா வீட்டில் சாப்பாடு போட்ட நாட்களில் கூடமாட நின்று உதவியவர்களே உணவகத்துக்கும் வந்தார்கள். ஐரோப்பிய உணவகச் சமையலறையில் தலைமைச் சமையலர், அவருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று பட்டாளம் மாதிரி அடுக்கு இருக்கும். மேலே இருப்பவர் கத்துவார், கீழே இருப்பவர் ஓடுவார். அந்த அடுக்கு இங்கே இல்லை. சாப்பிட வந்தவர்கள் சமைப்பவர்களைப் பார்க்கும்படி சமையலறையைத் திறந்தே வைத்திருந்தார். 2019-இல் நெட்ஃபிளிக்ஸின் 'செஃப்ஸ் டேபிள்' தொடரில் பிரிட்டனிலிருந்து இடம்பெற்ற முதல் சமையலர் அவர்தான். புகழ் வந்தபின் கோவென்ட் கார்டனில் பெரிய இடத்துக்குப் போய், 2023-இல் மறுபடி கிங்லி கோர்ட்டுக்கே திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இடத்தை, புதிதாகச் சாப்பாடு போட்டுப் பார்க்க விரும்பும் பெண்களுக்கு இலவசமாக விட்டுக்கொடுத்த வழக்கமும் அவரிடம் உண்டு.

இனி அடுப்படிக்குள் வருவோம். 'என் கைமணத்துக்கு ஊரே வரும்' என்று தொழில் தொடங்குகிறவர்கள் முதல் பெரிய ஆர்டரில் தடுமாறுவது ஏன்? நான்கு பேருக்கு வைத்த சாம்பாரை நூறு பேருக்கு வைக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் இருபத்தைந்தால் பெருக்கிவிடுவார்கள். சாம்பார் தண்ணீராக ஓடும். ஆவி பாத்திரத்தின் வாய்வழியாகத்தான் போகிறது. கொள்ளளவு இருபத்தைந்து மடங்கானால் வாயும் இருபத்தைந்து மடங்காவதில்லை. வீட்டுச் சட்டியில் கால் மணி நேரத்தில் சுண்டும் தண்ணீர் அண்டாவில் சுண்டாது. தாளிப்பும் அப்படித்தான்: எண்ணெயை அதே கணக்கில் பெருக்கினால் மேலே ஒரு விரல் உயரம் மிதக்கும். வெங்காயம் இன்னும் மோசம். பத்துக் கிலோ வெங்காயத்தை ஒரே வாணலியில் கொட்டினால், அது தன் தண்ணீரிலேயே வெந்து கூழாகிவிடும், பொன்னிறம் வராது. பிரியாணிக்குப் பொன்னிறம் வராவிட்டால் பிரியாணியே இல்லை. பகுதி பகுதியாக வறுக்க வேண்டும், அதற்கு நேரமும் இன்னொரு கையும் வேண்டும். முழு மசாலாவையும் குறைத்துத்தான் போட வேண்டும். அண்டா மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதால், பட்டையும் கிராம்பும் வெகுநேரம் உள்ளே ஊறி ஆளைத் தூக்கும். கல்யாண மாஸ்டர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. அவர்களிடம் கேட்டால் சொல்லமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மரியாதையாகக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்.

அடுத்து சோறு. அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். கொதித்தாலும் அவை சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சின்னப் பாத்திரத்துச் சோறு சீக்கிரம் ஆறிவிடும். அண்டாச் சோறு நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மீந்த சோற்றை எடுத்துவைப்பதானால் முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிரூட்டியில் வை என்கிறது பிரிட்டிஷ் உணவுத் தர நிறுவனம். ஆழமில்லாத தட்டுகளில் பரப்பினால்தான் அது நடக்கும். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையது குடிக்கும் நம்மைப் பார்த்தால் அந்த நாட்டு ஆய்வாளர் மயங்கி விழுவார். பழையது நம் வீட்டுக்குள் இருக்கட்டும். விருந்தாளிக்கு வயிற்றுவலி வந்தால் மன்னிப்பு கேட்டுக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு வந்தால் வழக்கு.

விதிகளையும் பார்ப்போம். பிரிட்டனில் வீட்டிலிருந்து உணவு விற்பவர் தொழில் தொடங்க 28 நாளுக்கு முன்பே உள்ளூர் மன்றத்தில் பதிந்துகொள்ள வேண்டும், கட்டணம் இல்லை. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எது எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். அந்த 14-இல் கடுகு உண்டு, எள் உண்டு, வேர்க்கடலை உண்டு, பால் உண்டு. தாளித்துக் கொட்டியதும், நல்லெண்ணெய் ஊற்றியதும், சட்னியும், மோர்க்குழம்பும் கணக்கில் வந்துவிடுகின்றன. கோதுமை ஆகாதவருக்குச் சாம்பார் கொடுக்கலாம் என்று நினைப்போம். கொடுக்கக் கூடாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகப் போட்டுவருகிறோம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தவர் எத்தனை பேர்?

அஸ்மாவுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்னால் இங்கிலாந்துக்கு வந்த இன்னொரு குடும்பத்தைச் சொல்லாவிட்டால் பேச்சு நிறைவாகாது. லட்சுமிசங்கர் பாதக் குஜராத்தில் பிறந்து கென்யாவில் வாழ்ந்தவர். 1956-இல் மனைவி சாந்தாவோடும் பிள்ளைகளோடும் லண்டன் வந்தபோது கையில் ஐந்து பவுண்டுதான் இருந்தது என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் செய்தி. அலுவலக வேலை கிடைக்கவில்லை. சாக்கடை துப்புரவு வேலை கிடைத்தது. கென்டிஷ் டவுன் வீட்டின் சின்ன அடுப்படியில் சமோசாவும் இனிப்பும் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஊர் ருசிக்கு ஏங்கிய இந்திய மாணவர்கள் வாங்கினார்கள். சிறுவனாக இருந்த மகன் கிரிட் பொட்டலங்களோடு பேருந்தில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். பிறகு யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டிரம்மண்ட் வீதியில் கடை வந்தது. 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது சுமார் 27,000 பேர் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் தெருமுனைக் கடைகள் திறந்தார்கள். அந்த அலமாரிகளில் பாதக் குடும்பத்தின் 'படாக்ஸ்' ஊறுகாயும் மசாலா விழுதும் ஏறின. விழுது என்பது அருமையான யோசனை: எண்ணெயும் புளிப்பும் சேர்த்து வதக்கி வைத்ததால் அது எளிதில் கெடாது, வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுக்கும் கையை வெள்ளைக்காரப் பெண்மணிக்கு ஒரு பாட்டிலில் அடைத்துக் கொடுத்ததாகிவிட்டது. 2007-இல் நிறுவனத்தை அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபுட்ஸ் வாங்கியது.

அதற்கு முன்பே, 2004-இல் ஒரு வழக்கு. பங்குகளில் தங்களுக்கும் உரிமை உண்டு என்று மகள்கள் இருவர் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எதிரே இருந்தவர் உடன்பிறந்த சகோதரர். கடைசியில் சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம், முடிந்தும் போயிற்று. வீட்டு அடுப்பில் ஆரம்பித்த தொழில், யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். இங்கே வந்திருக்கும் நீங்கள் மாவு விற்கும் இடத்தில் பணம் வாங்க ஒரு கியூ.ஆர். அட்டை ஒட்டியிருப்பீர்கள். வாங்க வருகிறவர் போனை நீட்டியதும் திரையில் ஒரு பெயர் வரும். அது யார் பெயர்? கையைத் தூக்கச் சொல்லமாட்டேன், மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அரைப்பவர் நீங்கள், பொங்கி வழியும் முன் எழுந்து பார்ப்பவர் நீங்கள், திரையில் வருவது கணவர் பெயராகவோ மகன் பெயராகவோ இருக்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவு யார் பெயரில்? வங்கிக் கணக்கு? கடன் வாங்கப் போனால் வங்கி மேலாளர் பார்ப்பது இந்தத் தாள்களைத்தான். உங்கள் கைமணத்தை அவர் எங்கே பார்க்கப் போகிறார்? 'எல்லாம் ஒரே குடும்பம்தானே, அவர் பெயரில் இருந்தால் என்ன' என்பீர்கள். ஒரே குடும்பம்தான். அப்படியானால் உங்கள் பெயரில் இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். சான்ஃபிரான்சிஸ்கோவில் 'லா கொசினா' என்ற அமைப்பு 2005-இல் மிஷன் வட்டாரத்தில் பொதுச் சமையலறை ஒன்றைத் திறந்தது. வீட்டில் சமைத்து, உரிமம் இல்லாமல் பயந்து பயந்து விற்றுக்கொண்டிருந்த குடியேறிய பெண்கள் அங்கே வந்து, உரிமம் பெற்ற அடுப்பைப் பகிர்ந்துகொண்டு சமைக்கலாம். விலை போடவும் உரிமம் வாங்கவும் அங்கேயே சொல்லித்தருவார்கள். நேபாள மோமோ, கம்போடிய நூடுல்ஸ், அரபு ரொட்டி என்று அங்கிருந்து கடைகள் கிளம்பின. பினாங்கில் தலைமுறைகளாகத் தெருவில் உணவு விற்ற மாமாக் குடும்பத்தில் பிறந்த அசலீனா யூசோப் அங்கே தொடங்கியவர்தான். மாமாக் என்றால் மலேசியாவில் குடியேறிய தமிழ் முஸ்லிம் வழியினர்.  கணவர் வீட்டு முதலோ அப்பா வீட்டு நகையோ இல்லாதவரும் ஒரு வாடகை அடுப்பு கிடைத்தால் தொழில் தொடங்கலாம்.

இன்னொன்று பம்பாயில். 1959-இல் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் தேய்த்தார்கள். அதுதான் 'லிஜ்ஜத்' அப்பள அமைப்பின் தொடக்கம். அதில் சேரும் ஒவ்வொரு பெண்ணும் சக உரிமையாளர். அவர்களை 'சகோதரி உறுப்பினர்' என்பார்கள். ஆண்கள் சம்பளத்துக்கு வேலை செய்யலாம், உரிமையாளராக முடியாது. இதைச் சொன்னால் ஆண்கள் சிரிப்பார்கள். உணவகத்துச் சமையல்கட்டில் பெண்ணுக்கு இடமில்லாதிருந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக விலை. உங்கள் விலைப் பட்டியலில் அரிசி இருக்கிறது, உளுந்து இருக்கிறது, மின்கட்டணம் இருக்கிறது, கவர் இருக்கிறது, ஆட்டோ வாடகை இருக்கிறது. உங்கள் கூலி என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் விற்கும் விலை உங்கள் பொருளின் விலை ஆகாது. பக்கத்துக் கடைக்காரர் போட்ட விலையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவர் கடையில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார். நீங்கள் சம்பளமில்லாத ஆளை வைத்திருக்கிறீர்கள், அது நீங்கள்தான். நாளைக்கு ஆர்டர் பெருகி ஒரு பெண்ணை உதவிக்கு வைக்கும்போது அவருக்குக் கூலி கொடுக்கப் பணம் இருக்காது. அஸ்மாவால் பல கைகளைச் சேர்க்க முடிந்ததற்கு, அவர் கூலியை விலைக்குள் வைத்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். லண்டன் விலை வேறு, நம் ஊர் விலை வேறு என்பீர்கள். உண்மைதான். தொகை வேறு. அந்த வரி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை, குறைவாகவே இருந்தாலும், எழுதிக் கூட்டிப் பாருங்கள். லாபம் என்று இதுவரை நினைத்திருந்தது எங்கே போகிறது என்று தெரியும்.

கூட்டத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தேநீர் தயாராக இருக்கிறதாம். இங்கேயே ஒரு சகோதரி போட்டது, அவருக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். குடித்துவிட்டு வாருங்கள், கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். கணக்கு நோட்டு கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள்.